மழை பெய்தது என்று இருவரும் சொன்னார்கள்

புகைப்படத்தின் பின்பக்கம் பேனாவால் எழுதக் கூடாது. மை முன்பக்கம் ஊறிவிடும். பென்சிலால், அழுத்தாமல் எழுத வேண்டும். தேதி, இடம், படத்தில் யார் யார். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் முதலாளி. நல்ல பழக்கம். இப்போதும் அப்படித்தான் எழுதுகிறேன்.

வக்கீல் மேடம், நடந்ததைக் கைப்பட எழுதித் தந்தால் முதலாளியின் மகள் பாப்பாவின் மேல்முறையீட்டுக்கு உதவும் என்றீர்கள். எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. பதினான்கு மாதங்களாக மற்றவர்களுக்காக எழுதியே பழகிவிட்டது.

எங்கள் அலுவலகம் உங்களுக்குத் தெரியும். விசா அலுவலகத்துக்கு எதிரே, மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, முதல் மாடி. இரண்டு மேசை, ஒரு ஜெராக்ஸ் மெஷின், போட்டோ எடுக்க ஒரு முக்காலி. வெளிநாட்டில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர வேண்டியவர்களுக்கு நாங்கள் பைல் தயார் செய்கிறோம். திருமணச் சான்றிதழ், படங்கள், பேசிய அழைப்புகளின் பட்டியல், பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, எண் போட்டு, நாடாவால் கட்டித் தருவோம். நேர்காணலில் அதிகாரி தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான். இந்தக் கல்யாணம் நிஜமா, விசாவுக்காகச் செய்ததா? முதலில் இங்கே இருப்பவரைக் கேட்பார். பிறகு அவர் எதிரிலேயே அங்கே இருப்பவருக்குப் போன் போட்டு அதே கேள்விகளைக் கேட்பார்.

அந்தக் கேள்விகளில்தான் என் மனைவி தோற்றாள். அப்போது நான் வெளிநாட்டில் இருந்தேன். அவளுக்குப் பைல் தயார் செய்தவர் முதலாளி.

'கடைசியாக எப்போது கணவரிடம் பேசினீர்கள்' என்று அதிகாரி கேட்டிருக்கிறார். பத்தொன்பது நாள் ஆகிறது என்று அவள் சொல்லியிருக்கிறாள். சின்னச் சண்டை, அவர் கோபமாக இருக்கிறார் என்றும் சொல்லியிருக்கிறாள். அது உண்மை. அடுத்து எனக்குப் போன் வந்தது. நேற்றுகூடப் பேசினோம் என்றேன். ஒரு கணவன் அப்படித்தானே சொல்லுவான். விசா மறுக்கப்பட்டது.

அன்று மாலை அவளே போன் செய்தாள். "நான் உள்ளதத்தானே சொன்னேன். தப்பாங்க?" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

மறுபடி விண்ணப்பிக்க அவளுடைய பழைய வேலையிடத்திலிருந்து ஒரு கடிதம் தேவைப்பட்டது. அதை வாங்கப் போன பஸ் பாலத்திலிருந்து கவிழ்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். பைலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஓரத்தில் டேப் ஒட்டி வைத்திருந்தாள். தண்ணீரிலிருந்து எடுத்த பிறகும் உள்ளே ஒரு காகிதம்கூட நனையவில்லை. அதை என் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அடக்கத்துக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. எட்டு வாரம் கழித்து அந்த மாடிப்படி ஏறி வேலை கேட்டேன். முதலாளி என்னைப் பார்த்ததில்லை. அவள் பைலில் இருந்த படங்களில் நான் தாடி இல்லாமல், பத்து கிலோ அதிகமாக இருந்தேன்.

"என்ன படிச்சிருக்கே?"

சொன்னேன்.

"அவ்ளோ படிச்சிட்டு இங்க வந்து நாடா கட்டப் போறியா? சரி, கை சுத்தமா இருக்கு, உக்காரு. கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல."

"ஆகாதவன்தான் இந்த வேலைக்கு லாயக்கு. ஆனவன் ஒவ்வொரு கேள்விக்கும் பெருமூச்சு விடுவான்."

அவர் கெட்டவர் அல்ல. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். மழைக்கு ஒதுங்குபவர்களுக்கும் நாற்காலி போடுவார். என்னைத் தம்பி என்பார், சில நாள் 'சிரிக்காத சிங்கம்' என்பார். ஒவ்வொரு பைலின் உள்அட்டையிலும் ஒரு மஞ்சள் சீட்டைக் குத்தி வைப்பார். யாரை அழைத்தோம், எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன பேசினோம் என்று அதில் பென்சிலால் குறிப்பார். பைல் போன பிறகு சீட்டு மட்டும் எங்கள் நகலில் தங்கும். ஆறு வருடத்துச் சீட்டுகள் அங்கே இருக்கின்றன.

பதிலை எழுதிக் கொடுக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். "எழுதிக் குடுத்தா அது பரீட்சை, குடும்பம் இல்ல" என்பார். நேர்காணலுக்கு முன்பு கணவன் மனைவி இருவரையும் ஒரு தடவை ஸ்பீக்கர் போனில் உட்கார வைப்பார். பத்துக் கேள்வி கேட்பார். அவள் ஒன்று சொல்லுவாள், அவன் இல்லை என்பான், இருவரும் அடித்துக்கொள்வார்கள். முதலாளி சந்தோஷமாக எழுந்துவிடுவார். "சண்ட போடுறாங்களா? அப்ப புருஷன் பொண்டாட்டிதான். வா, டீ குடிக்கலாம்." சண்டைக்கு நடுவே, எதைச் சொல்வது, எதைச் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வது என்று அவர்களுக்கே பிடிபட்டுவிடும். அரை மணி நேர வேலை.

அந்த அரை மணி நேரத்தை அவர் எங்களுக்குத் தரவில்லை. எல்லாருக்கும் செய்ததை என் மனைவிக்குச் செய்யவில்லை. எங்கள் இருவரையும் ஒரே லைனில் உட்கார வைத்திருந்தால் பத்தொன்பது நாள் என்பதும் நேற்று என்பதும் அங்கேயே மோதித் தீர்ந்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மேல் அடுக்கிலிருந்து அவள் பைலின் நகலை எடுத்துப் படித்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

காத்திருந்தேன். அவருக்கு ஒரே மகள். அலுவலகத்தில் எல்லாரும் பாப்பா என்போம். என் வேலையின் ஒன்பதாம் மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. பதிவு அலுவலகத்தில், பத்துப் பேர் முன்னால். மாப்பிள்ளை மூன்று வாரம் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனான். விரைவில் அவள் கர்ப்பம் என்று தெரிந்தது.

முதலாளி பைலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"நீயே பாரு தம்பி. சொந்த வீட்டு பைல நான் தொடமாட்டேன். டாக்டர் தன் பொண்ணுக்குத் தானே ஆபரேஷன் பண்ணுவாரா? கை நடுங்கும்."

"நான் பாத்துக்கறேன், முதலாளி."

"உன் கை நடுங்காது. எனக்குத் தெரியும்."

சரியாகத்தான் சொன்னார்.

அந்தப் பைலில் போலியாக எதுவும் இல்லை. ஒரு தேதியை நான் மாற்றவில்லை, ஒரு கையெழுத்தைத் தொடவில்லை. நான் செய்தது அவர் எனக்குச் செய்யாமல் விட்டதைத்தான். கொஞ்சம் அதிகமாகச் செய்தேன்.

முதல் நாள் இருவரையும் ஸ்பீக்கரில் பேச வைத்தேன். முதலாளி வழக்கப்படி வெளியே போய்விட்டார்.

"கல்யாணத்தன்னிக்கு மழ பெஞ்சுதா?"

"தூறல் போட்டுது" என்றாள் பாப்பா.

"எந்தத் தூறல்? மண்டையப் பொளக்கற வெயில். அந்தக் கோட்டுக்குள்ள வெந்துட்டேன்."

"காலைல போட்டுது. உங்களுக்குத் தலைக்கு மேல என்ன நடந்தாலும் தெரியாது."

"தெரியாமத்தானே உன்னக் கட்டிக்கிட்டேன்."

அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். அந்த உரையாடலை அப்படியே அதிகாரியிடம் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் விசா கிடைத்திருக்கும். நிஜமான இரண்டு பேருக்கு எதுவும் சரியாக ஒத்துப்போகாது. ஒருவருக்குத் தூறலாகத் தெரிந்தது இன்னொருவருக்கு வெயிலாக இருக்கும். அதிகாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். பதினான்கு மாதங்களில் எனக்கும் தெரிந்துவிட்டது.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும்" என்றேன். "நல்ல மழன்னு வெச்சுக்குவோம். ரெண்டு பேரும் ஒரே கொடைல வந்தீங்க."

"கொடயே இல்லையே அண்ணா?"

"ஆளுக்கொண்ணு சொன்னா சந்தேகம் வரும்மா. எத்தன பைல் பாத்திருக்கேன்."

"அண்ணா சொன்னா சரியா இருக்கும்" என்று போனில் மாப்பிள்ளையின் குரல் வந்தது.

நாற்பத்தொரு கேள்விகளுக்குப் பதில் எழுதினேன். அவளுடைய கைப்பையில் நீங்கள் கண்டெடுத்த தாள் அதுதான். கையெழுத்து என்னுடையது. அப்பாவிடம் காட்ட வேண்டாம், அவருக்குப் பழைய முறைதான் பிடிக்கும், வீணாகப் பயப்படுவார் என்றேன். அவள் தலையாட்டினாள். இருபத்திரண்டு நாள் ஒத்திகை பார்த்தோம். முதலில் பதில் ஒன்றானது, பிறகு வார்த்தைகள், கடைசியில் எங்கே மூச்சு விடுவது என்பதும். எந்த நாளில் என்று சொல்ல முடியாது, நடுவில் எப்போதோ அவர்கள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

படங்களை அடுக்கும் பொறுப்பும் என்னுடையது. மேலிருந்து மூன்றாவதாக ஒன்றை வைத்தேன். பதிவு அலுவலகத்தின் வாசற்படி. பாப்பா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, நெற்றியில் கையை வைத்து மறைத்திருக்கிறாள். இருவருடைய நிழலும் படிகளில் கறுப்பாக மடிந்து விழுந்திருக்கிறது. பின்பக்கம் தேதியைப் பென்சிலால் தெளிவாக எழுதினேன்.

நேர்காணல் நாளில் முதலாளியால் மாடியில் உட்கார முடியவில்லை. கீழே கண்ணாடிக் கடையில் நின்று ஒவ்வொரு பிரேமாக எடுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு, தம்பி?"

"நல்லா இருக்கு."

"எது, கண்ணாடியா பைலா?"

"ரெண்டும்."

அவர் சிரித்தார். அவர் கழுத்தில் வேர்த்திருந்தது.

மறுப்புக் கடிதம் உங்களிடம் இருக்கிறது. பலத்த மழை, ஒரே குடை என்று இருவரும் வார்த்தை மாறாமல் சொன்னதாகவும், படத்தில் உச்சி வெயில் அடிப்பதாகவும், சொல்லிக்கொடுத்த கதை, போலித் திருமணம் என்றும் அதிகாரி எழுதியிருக்கிறார். பத்து வருடத் தடை. என் மனைவிக்குக்கூட மறுபடி முயல வழி இருந்தது. பாப்பாவுக்கு அதுவும் இல்லை. அவளுக்கு ஆறாம் மாதம். பிறக்கப்போகும் பிள்ளை, அப்பா என்றால் போனில் பேசுகிற ஆள் என்றுதான் நினைத்து வளரும். மாப்பிள்ளை இப்போது அவளைக் குறை சொல்கிறானாம். நீ பதறியிருப்பாய் என்கிறானாம்.

அன்று அவள் மாடியேறி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன்.

"நான் எங்கயாவது தப்பா சொல்லிட்டேனா, அண்ணா?"

"இல்லம்மா. நீ சரியாத்தான் சொன்னே."

இந்தக் கேள்விக்காகத்தான் பதினான்கு மாதம் காத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். கேட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. ஜெராக்ஸ் மெஷினில் தாள் சிக்கியிருந்தது. அதை எடுத்துவிட்டேன்.

முதலாளி அந்தத் தாளைப் பார்த்தது உங்கள் அலுவலகத்தில்தான். என் கையெழுத்தை அவர் எங்கே கண்டாலும் அடையாளம் சொல்லுவார். திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தார். கத்தவில்லை. மேசையில் கிடந்த பென்சில்களை ஒவ்வொன்றாகச் சீவினார்.

"உனக்கு நான் என்னப்பா செஞ்சேன்?"

என் மனைவியின் படத்தை அவர் முன்னால் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பொண்ணா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். தாடிக்குப் பின்னால் தேடினார். "நீதானா அது? தம்பி, அந்தப் பொண்ணுக்கு நான்..."

அவர் முடிக்கும்வரை நான் நிற்கவில்லை. படியிறங்கிவிட்டேன்.

இவ்வளவுதான். பாப்பாவும் மாப்பிள்ளையும் ஒரு பொய்யும் தாங்களாகச் சொல்லவில்லை. எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. வேண்டுமென்றே செய்தேன். அவர்கள் திருமணம் நிஜமானது, நான் பார்த்த முந்நூறு பைல்களில் அதைவிட நிஜமானது இல்லை. இதைக் கீழே கையெழுத்திட்டு உறுதி செய்கிறேன்.

கையெழுத்துக்கு முன் ஒரு திருத்தம் உண்டு. பத்திரத்தில் தவறு இருந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பதும் முதலாளி சொல்லிக் கொடுத்ததுதான்.

என் மனைவியின் நகலைத் திரும்ப வைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். மஞ்சள் சீட்டைத் திரும்ப வைக்கவில்லை. அது என்னிடம் இருக்கிறது. இத்துடன் இணைத்திருக்கிறேன். முதலாளியின் எழுத்து. நேர்காணலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையின் தேதி போட்டிருக்கிறது.

'கணவருக்கு மூன்று முறை போன். காலை பத்து, பத்தரை, பதினொன்று. எடுக்கவில்லை. அந்தப் பெண், பாவம், வேலையில் இருப்பார் சார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்றது. உள்ளதைச் சொல்லும்மா என்று அனுப்பினேன்.'

அன்று எனக்கு விடுமுறை. போன் என் கையில்தான் இருந்தது.