அறை எண் 318-இன் முடிவு நாள் பின்னுக்குப் போன விதம்

26 ஜனவரி 2018, வெள்ளிக்கிழமை, காலை 9.40. ஹோ சி மின் நகரம், தூ டுக் பகுதிக் காவல் நிலையம். சேஷாசலம் தமிழில் சொன்னதை, டிஸ்ட்ரிக்ட் 1-இல் துணிக்கடை வைத்திருக்கும் முருகப்பன் மொழிபெயர்க்க, இரு மொழியிலும் பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் சேஷாசலம். வயது 53. தகப்பனார் வேங்கடாசலம், காலமாகிவிட்டார். சொந்த ஊர் சென்னை, திருவொற்றியூர். 2004 முதல் இந்த நகரத்தின் கான் ஹொய் பகுதியில், பாலத்தை ஒட்டிய மூன்றாவது சந்தில், மீன் சாஸ் கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறேன். பழைய கணினி நிரல்களைப் பழுது பார்ப்பது தொழில். புதியவை எனக்கு வராது, கூப்பிடுகிறவர்களுக்கும் அது தெரியும். என் மேல் முன்வழக்கு எதுவும் இல்லை. மனைவியைக் கேட்டால் வேறு சொல்வாள், ஆனால் அவள் சென்னையில் இருக்கிறாள். இந்த மாதிரிப் பேச்சை இதோடு நிறுத்தச் சொன்னார் அதிகாரி. நிறுத்திக்கொள்கிறேன்.

என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகவே வந்தேன். இங்கே காவலில் இருக்கும் ஹான் என்ற பெண், தூ டுக்கிலுள்ள அஸ்தி மண்டபத்தின் எழுத்தர். அந்த மண்டபத்தில் சுவரோடு சுவராக ஆயிரத்துச் சொச்சம் சிறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு அஸ்திப் பேழை, இருபது ஆண்டுத் தவணை. தவணை முடிந்தும் கேட்க ஆள் வராத பேழைகளை, டெட் புத்தாண்டுக்கு முன் ஒரு நாளில் பிரார்த்தனை செய்து, அஸ்தியை ஆற்றில் கரைப்பது வழக்கம். இந்த ஆண்டு அது ஜனவரி 18, வியாழக்கிழமை நடந்தது. அன்று கரைத்தவற்றில் 318-ஆம் அறையின் பேழையும் ஒன்று. அது காலஞ்சென்ற ஜூல் அவர்களுடையது. அவருடைய தவணை 2032 மார்ச் 10 வரை இருந்தது.

சனிக்கிழமை வழக்கம்போல் வந்த ஜூலின் மனைவி ஒடெட் அம்மா, அறை காலியாக இருப்பதைக் கண்டு புகார் கொடுத்தார். அதன் பிறகு, அந்தப் பதிவை ஹான் 151 முறை திறந்து சேமித்திருப்பது கணினிக் குறிப்பில் தெரிந்ததாலும், 318 கிழக்குப் பார்த்த, கண் மட்டத்திலுள்ள நல்ல அறை என்பதாலும், வேறு குடும்பத்துக்கு அதைக் கொடுக்க ஹானே முடிவு நாளை மாற்றிவிட்டார் என்று சந்தேகித்து அவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அதை மாற்றியது அவர் இல்லை, நான்.

மண்டபத்தின் டேட்டாபேஸ் மிகப் பழையது. அதன் உள்ளே தேதி தேதியாக இராது, வெறும் எண்ணாக இருக்கும். 1967 டிசம்பர் 31-ஐப் பூஜ்யம் என்று வைத்து, அதிலிருந்து எத்தனையாவது நாள் என்று எண்ணிக்கொள்ளும். 2032 மார்ச் 10 என்பது அதற்கு 23446. அந்த எண்ணை மனிதர் படிக்கும் தேதியாகத் திரையில் காட்டவும், திரையில் இருப்பதைத் திரும்ப எண்ணாக்கி உள்ளே வைக்கவும் இரண்டு பக்கமும் வேலை செய்வதற்குக் கன்வர்ஷன் கோட் என்று பெயர். கணினியோடு வந்த கோட் போதாதபோது, என்னைப் போன்றவர்கள் சொந்தமாக ஒன்று எழுதிச் செருகுவோம். இந்த இடத்தில் முருகப்பன் அண்ணன் என்னை மூன்று முறை நிறுத்தி, “யப்பா, வாசல்ல நிக்கிற வாட்ச்மேன்னு சொல்லிரட்டா? போறப்ப ஒரு சட்டை, வர்றப்ப ஒரு சட்டை?” என்று கேட்டார். அப்படியே சொல்லச் சொன்னேன்.

2015 ஜனவரியில் மண்டபத்து மேலாளர் என்னைக் கூப்பிட்டார். இந்த ஊரில் இறந்தவருக்குரிய நாளெல்லாம் சந்திர மாதக் கணக்குதான். முடிவு நாளையும் குடும்பங்கள் அப்படியே கேட்கிறார்கள், திரையில் அப்படிக் காட்ட முடியுமா என்றார். முடியும் என்றேன். முடியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இருந்திருந்தால் இன்னேரம் வேறு ஆளாக இருந்திருப்பேன். ஜனவரி 16 அன்று காட்டும் பக்கத்தை எழுதி முடித்தேன். திரையில் சந்திரத் தேதி வந்ததும் ஹான் சிரித்தார். “பத்து வருஷமா இங்க இருக்கீங்க, உங்க வாய்ல ஒரு வியட்நாமிய வார்த்தை ஒழுங்கா வரல. உங்க கம்ப்யூட்டர் மட்டும் எங்க தாத்தா மாதிரி பேசுது” என்று அவர் மொழியில் சொன்னார். எல்லோரும் காப்பி குடிக்கப் போனோம்.

திரும்ப உள்ளே வாங்கும் பக்கத்தை நான் எழுதவில்லை. டெட் முடிந்து எழுதலாம் என்று வைத்தேன். இந்த ஊரில் ஜனவரியில் எதைக் கேட்டாலும் டெட் முடிந்து என்பார்கள், நானும் ஊரோடு ஒத்துப்போனேன். அதன் பிறகு மகள் கல்யாணத்துக்குச் சென்னை போனேன். திரும்பி வந்தபோது அது என் நினைவில் இல்லை.

அதனால், திரையில் இருந்தது சந்திரத் தேதி, அதை உள்ளே வாங்கியது சாதாரணத் தேதிக்கான பழைய கோட். 2032 மார்ச் 10 சந்திரக் கணக்கில் முதல் மாதம் 29-ஆம் நாள். யாராவது சேமித்தால் பழைய கோட் அதை ஜனவரி 29 என்று எடுத்துக்கொண்டு 23405 என்று எழுதும். நாற்பத்தோரு நாள் போய்விட்டது. அடுத்த முறை அதிலிருந்து இன்னும் ஒரு மாதம் போகும். தேதியை யாரும் தொட வேண்டியதில்லை. பதிவைத் திறந்து எதையாவது சேர்த்துச் சேமித்தால் போதும், திரை முழுவதும் உள்ளே போகும்.

பார்க்க வருபவர்களின் வருகையைப் பதிவில் ஏற்றிச் சேமிப்பது ஹானின் வேலை. மற்ற குடும்பங்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வந்தார்கள், அவர்களுடைய நாள் கொஞ்சம்தான் நகர்ந்தது. ஒடெட் அம்மா டிஸ்ட்ரிக்ட் 1-இலிருந்து பஸ் பிடித்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். ஜனவரி 17, 2015 முதல் 157 சனிக்கிழமைகள், அவற்றில் ஆறில் மட்டும் உடம்புக்கு முடியாமல் வரவில்லை. ஹான் திரையைத் திருப்பி ஜூலின் பெயரைக் காட்டுவார். ஒடெட் அம்மா கண்ணாடியை மாட்டி அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போவார். முடிவு நாள் கடைசி வரியில் இருக்கும், அந்த வரிவரை இருவரும் பார்த்ததில்லை. முடிவுக்குச் சரியாகத் தொண்ணூறு நாள் இருக்கும்போது வீட்டுக்குக் கடிதம் அச்சாகும். அந்தத் தொண்ணூறாவது நாளையும் தேதி ஒரே தாவலில் தாண்டிவிட்டது. 18-ஆம் தேதி கூலிக்கு வந்த ஆட்களின் கையில் இருந்த பட்டியலில் பெயர்கள் இல்லை, அறை எண்கள் மட்டுமே இருந்தன. அன்று ஹானுக்கு விடுமுறை.

செவ்வாய்க்கிழமை 23-ஆம் தேதி நான் பழைய சேமிப்பு நாடாவை ஏற்றிப் பார்த்தேன். அதில் 23446 இருந்தது. இப்போதைய பதிவில் 18237 இருந்தது. நாடாவை ஒப்படைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை ஒடெட் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். அவருக்கு வயது 84. புதுச்சேரிக்காரர், 1975-இல் போர் முடிந்து மற்றவர்கள் ஊர் திரும்பிய பிறகும் கணவரோடு இங்கேயே தங்கிவிட்டவர். ஜூலோடு நான் ஞாயிறுதோறும் சீட்டாடியிருக்கிறேன், தோற்றும் இருக்கிறேன். தப்பு என்னுடையது, கணினியில் நான் ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டேன் என்றேன்.

“நீயா,” என்றார். “அந்தப் பொண்ண நான் தப்பா சொல்லிட்டனே. மோந்தியே, என் கடவுளே, ஒனக்கு ஒழுங்கா சீட்டு கலைக்கக்கூட வராதேடா. ஒங்கிட்ட போயி குடுத்தானுவோ பாரு.”

அதன் பிறகு காப்பி போட்டுக் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கி வைத்தார். பிறகு கேட்டார்: “தம்பி, நான் வாரா வாரம் போனதுக்கும் இதுக்கும் எதுனா சம்பந்தம் இருக்கா?”

“இல்லம்மா,” என்றேன். “ஒரு சம்பந்தமும் இல்ல.”

“சரி,” என்றார். “நாளக்கி சனியாச்சே. எங்க போறதுன்னு இருக்கு.” அன்று புதன்கிழமை. நான் திருத்தவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் அவர் போயிருந்தால் பேழை இன்றும் அங்கே இருந்திருக்கும். 151 முறைக்கும் காரணம் இதுதான்.

இந்த வாக்குமூலத்தின் வியட்நாமியப் பிரதி ஒன்று புகார்தாரருக்குப் போகும் என்றார் அதிகாரி. ஒடெட் அம்மா அந்த மொழியை நன்றாகப் படிப்பார். வருகைகளைப் பற்றிச் சொன்னதை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். எடுத்தால் 151 சேமிப்புக்கு வேறு காரணம் இல்லை, ஹானை விட முடியாது என்றார். முருகப்பன் அண்ணன் இதை மொழிபெயர்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். எடுக்க வேண்டாம், இருக்கட்டும் என்று சொன்னேன்.

பிரதியை இன்று மாலை ஐந்து மணிக்குப் பிறகு அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். அதற்குள் நானே போய் அவரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அதிகாரி ஒப்புக்கொண்டார்.

இங்கே நான் சொன்ன எல்லாம் எனக்குத் தெரிந்தவரை நிஜம். 24-ஆம் தேதி ஒடெட் அம்மாவுக்குச் சொன்ன பதில் மட்டும் நிஜமில்லை. இரு மொழியிலும் வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது. யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வே. சேஷாசலம்
மொழிபெயர்த்தவர்: (ஒப்பம்) முருகப்பன்
முடித்த நேரம்: பகல் 12.15