பாலத்து இறக்கத்தில் இரண்டாவது கியர்

அந்தச் சனிக்கிழமை காலை மாடம்பாக்கம் ஏரிக்கரை ரோட்டில் நான்கு பேர் இருந்தோம். மஞ்சள் காரின் சொந்தக்காரன் மெர்வின். அவனுக்கு நிச்சயமாகியிருந்த எப்சி. தள்ளுவண்டியில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த லோகநாதன். அப்புறம் நான், டெனிஸ். நான் சொன்னதை மற்ற மூவரும் கேட்டார்கள். அதில் தவறு இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

கியர் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. மீட்டரைப் பார்த்து மாற்றுகிறவர்கள் உண்டு. நான் காதால் மாற்றுவேன். இன்ஜின் முக்கினால் கீழ் கியர், கத்தத் தொடங்கினால் மேல் கியர். ஸ்போர்ட்ஸ் காரைக் கொஞ்சம் கத்த விட வேண்டும், அவ்வளவுதான். சாதாரணக் காரில் இன்ஜின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று வந்ததுமே மேலே போய்விடலாம். இதில் நாலாயிரம் வரை பொறுத்திருந்தால்தான் அடுத்த கியரிலும் இழுவை இருக்கும்.

ஆறு வருஷம் ஒரு கார் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்தேன். செய்து முடித்து வரும் ஒவ்வொரு காரையும் சோதனைத் தடத்தில் ஓட்டி, எல்லா கியரும் ஒழுங்காக விழுகிறதா என்று பார்ப்பது வேலை. ஒரு காருக்கு நான்கு நிமிடம். பக்கத்து இருக்கையில் பிளாஸ்டிக் உறை மட்டும் இருக்கும். ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு ஒரு போன்கூட வரவில்லை. அதன் பிறகு சேலையூரில் என் அறையில் படுத்துக் கிடந்தேன். ஏழெட்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டு டீக்கடையில் வாயைத் திறந்தால் குரல் உடைந்து வரும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மெர்வின் அதே தெருக்காரன். பழைய வண்டியாக அந்த மஞ்சள் காரை வாங்கினான். இரண்டு கதவு, இரண்டு இருக்கை, இன்ஜின் பின் சக்கரங்களை ஓட்டும் வண்டி. வீட்டு வாசலை விட்டு வெளியே எடுப்பதற்குள் மூன்று முறை ஆஃப் ஆனது. நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், நீ கார் கம்பெனில இருந்தவன்தானே? டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்குடுத்தது இதுக்கு சரிப்படலடா. ஏறு."

ஏறினேன்.

ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுத்திருக்கலாம். ஐந்து மாதம் ஆக்கினேன். ஒரு சனிக்கிழமை முழுவதும் முதல் கியரிலிருந்து இரண்டாவது மட்டும். அடுத்த சனிக்கிழமை இரண்டிலிருந்து மூன்று. அவன் பொறுமைசாலி. நடுவில் ஆபீஸ் கதை சொல்வான், சர்ச் பாடகர் குழுவில் நடக்கும் சண்டையைச் சொல்வான். நான் கேட்பேன். வெள்ளிக்கிழமையே சட்டையைத் தேய்த்து வைத்துவிடுவேன்.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு உருட்டுவான். அவனுடைய அப்பா அசரியா சார் ஹெட்மாஸ்டராக இருந்தவர். பழைய காரில் தாம்பரத்து மேம்பாலங்கள் எல்லாவற்றிலும் நியூட்ரலில் இறங்கி பெட்ரோலை மிச்சம் பிடித்தவர். அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியும் பிள்ளையின் கை இறக்கத்தில் தானாக நியூட்ரலுக்குப் போகும். முதல் நாளே கவனித்தேன். திருத்தவில்லை. கடைசி வகுப்புக்கு ஏதாவது மீதி இருக்கட்டும் என்று வைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை எப்சியையும் கூட்டி வந்தான். ஸ்கூட்டரில் பின்னால் வந்த அவள் காரைச் சுற்றிப் பார்த்தாள்.

லோகநாதன் அரிவாளை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இன்னா சார், வண்டி தரையோட ஒட்டிக்கினு கீது? ஸ்பீட் பிரேக்கர் வந்தா எறங்கி தூக்கிக்கினு போவீங்களா?"

"அதுக்குத்தான் டெனிஸ் இருக்கான்," என்றான் மெர்வின்.

எப்சி சிரித்தாள். "நாளைலேர்ந்து சர்ச்சுக்கு நான்தான் இதுல வருவேன். ரெண்டு சீட்டுதானே? டெனிஸ் அண்ணா, நீங்க எங்க உக்காருவீங்க? டிக்கியிலயா?"

"பாவம்டி, அவனுக்கு இனி வேலையே இல்ல. எனக்குத்தான் எல்லாம் வந்துடுச்சே," என்றான் மெர்வின்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல பிள்ளைகள். நானும் சிரித்தேன். பிறகு சொன்னேன்.

"ஒண்ணு மட்டும் பாக்கி இருக்குடா. நீ இறக்கத்துல நியூட்ரல் போடுற இல்ல? பரவால்ல, போடு. ஆனா கீழ வளைவு வர்றதுக்கு முன்னாடி நேரா செகண்ட் போட்டு, கிளட்ச்ச டக்குனு விட்டுடு. ஆக்சிலேட்டர தொடாத. கியரே வண்டியப் புடிச்சு நிறுத்தும். பிரேக்கே வேணாம்."

"டக்குனு விட்டா குலுக்காதா?"

"குலுக்கும். ஸ்போர்ட்ஸ் கார் அப்படித்தான்."

உண்மை என்னவென்றால், எழுபது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாவது கியரில் போக இன்ஜின் நாலாயிரத்து ஐந்நூறு சுற்ற வேண்டும். நியூட்ரலில் அது எண்ணூறுதான் சுற்றிக்கொண்டிருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்து இன்ஜினை அந்த வேகத்துக்கு ஏற்றிவிட்டுத்தான் கிளட்சை விட வேண்டும். ஏற்றாமல் விட்டால் பின் சக்கரம் இரண்டும் பிடித்துக்கொள்ளும். காய்ந்த ரோட்டில் டயர் கத்தும். ஈர ரோட்டில் வண்டியின் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். கார்த்திகை மாதம். அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது.

நான் நினைத்தது இவ்வளவுதான்: வண்டி ஒரு சுற்று சுற்றும், அவள் பயந்துவிடுவாள், அவன் மறுபடி என்னைக் கூப்பிடுவான். இப்படித்தான் எனக்கே சொல்லி வைத்திருந்தேன். ஆனால் ஆயிரக்கணக்கான வண்டி ஓட்டியவனுக்கு, சுற்றுகிற வண்டி எதிலாவது மோதித்தான் நிற்கும் என்பது தெரியும். ஞாயிறு காலை ஜன்னலைத் திறந்து தெரு நனைந்திருப்பதைப் பார்த்தேன். போனைக் கையில் எடுத்தேன். அவன் எண் முதலில் இருந்தது. என் போனில் வேறு எண்களுக்கு வேலை இல்லை. அழைக்கவில்லை.

ஆராதனை முடிந்து பெருங்களத்தூர் மேம்பாலத்தில் இறங்கும்போது அவன் நான் சொன்னபடியே செய்தான். நல்ல மாணவன். வண்டி அவன் பக்கமாகப் போய்ச் சுவரில் மோதியது. எப்சிக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. மெர்வினுக்குக் கழுத்து. கழுத்துக்குக் கீழே எதுவும் அசைவதில்லை. போலீஸ் மழை என்று எழுதிக்கொண்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவன் அம்மா தபீதாள் டீச்சருக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. ஆள் வைத்துப் பார்த்தார், நிலைக்கவில்லை. நானே போய் நின்றேன். காலை ஏழரையிலிருந்து மாலை ஐந்து வரை அவனோடு இருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பேன். கஞ்சி கொடுப்பேன், உடம்பு துடைப்பேன். "நீ கர்த்தர் அனுப்பின பிள்ளைப்பா," என்கிறார் டீச்சர்.

மெர்வின் தினமும் ஒரே கேள்வி கேட்பான். "கிளட்ச்ச ஏன்டா டக்குனு விட சொன்ன?" முதலில் அம்மாவிடமும் சொன்னான். தலையில் பட்ட அடியால் ஞாபகம் குழம்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டீச்சர் அவன் நெற்றியில் கை வைத்து ஜெபம் செய்தார்.

நேற்று பதினொரு மணிக்கு எப்சி வந்தாள். அவள் வீட்டில் கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இருந்தும் வந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்தாள். அவன் மெதுவாக அவளிடமும் அதையே சொன்னான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா, அன்னைக்கு நீங்க செகண்ட்தான் சொன்னீங்க. நானும் கேட்டேனே. அது சரியா?"

"தேர்ட்னு சொன்னேம்மா. உனக்கும் அடி பட்டிருந்துச்சு இல்ல, ஞாபகம் மாறியிருக்கும்."

அவள் தரையைப் பார்த்தாள். யோசித்தாள். கார் ஓட்டத் தெரியாதவள், என்ன யோசிக்க முடியும்?

"எப்சி, போகாத," என்றான் மெர்வின். "இவன்கூட என்னைத் தனியா விடாத."

"பாத்தியாம்மா, புது ஆளு வந்தா இப்படித்தான் ஆயிடுறான். ராத்திரி ஜுரம் வந்துடும். இனி வர வேணாம்னு டீச்சரே உங்கிட்ட சொல்லத் தயங்குறாங்க."

டீச்சர் அப்படி எதுவும் சொல்லவில்லை. எப்சி அழுதுகொண்டே எழுந்தாள். கட்டு போட்ட கையால் அவன் முடியை ஒருமுறை ஒதுக்கிவிட்டாள். நான் அவளை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். செருப்பை மாட்டத் தடுமாறினாள், எடுத்துக் கொடுத்தேன்.

உள்ளே அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பாருங்கள், அவனுக்கு இப்போது என்னை விட்டால் யாருமில்லை. இப்படி ஒருவனை எப்படித் தனியாக விட முடியும்? அவள் கேட்டைத் தாண்டியதும் கதவைச் சாத்தினேன். மேல் தாழ்ப்பாளும் கீழ்த் தாழ்ப்பாளும் போட்டேன். பிறகு சாவியைத் திருப்பிப் பூட்டினேன்.