கட்டில் கைப்பிடி

— நிறுத்துங்க அத்தான், நிறுத்துங்க! வெல்டிங் டார்ச்சைத் தூக்குங்க. பாருங்க, குழாய் ஓட்டையாயிடுச்சு.

— பார்த்தேன்.

— ஒரே இடத்துல நின்னா அப்படித்தான். தகடு மெல்லிசு. நின்னு யோசிக்கிறதுக்கு நேரம் தராது.

— யோசிக்கல.

— அதுதான் தெரியுதே. ஹெல்மெட்டைக் கழட்டுங்க, வேர்த்து ஊத்துது. காலேஜ்ல பாடம் நடத்துற மனுசனுக்கு எதுக்கு இந்த வேலை? பட்டறைக்காரி நான் ஒருத்தி இருக்கேன். அளவைக் குடுத்தீங்கன்னா டீ ஆறுறதுக்குள்ள கட்டில் கைப்பிடியை முடிச்சுக் குடுத்துருவேன்.

— நானே செய்யணும்.

— சரிதான் போங்க. எங்கக்கா உசுரோட இருந்தப்ப உங்களை மரமண்டைன்னு சும்மாவா சொன்னா.

— செல்லமா சொன்னா.

— அது உங்க நெனப்பு. எங்கிட்ட சொன்னப்ப அதுல செல்லம் ஒண்ணும் இருந்ததில்ல.

— அடுத்த துண்டை எடு.

— எடுக்கறேன். முதல்ல இந்த நுனியைப் பாருங்க. குழாய் மேல குழாய் உட்காரணும்னா மீன் வாய் மாதிரி வளைவாத் தேய்க்கணும். நீங்க தேய்ச்சது பல்லு போன வாய். சந்துல விரலே நுழையுது. இதை அடைக்க என் கம்பிச் சுருள் மொத்தமும் பத்தாது.

— குடு, தேய்க்கிறேன்.

— இன்னும் கொஞ்சம். ம், இப்ப உட்காருது. சும்மா பொட்டு வைக்கிற மாதிரி நாலு டாக் வைங்க. எதிரெதிரா. மேல ஒண்ணு வெச்சா அடுத்தது கீழ. ஏன்?

— ஒரு பக்கமே சூடு குடுத்தா குழாய் அந்தப் பக்கம் இழுத்துக்கும். முந்தாநாள் சொன்னியே.

— சொன்னேன், கேட்டீங்களா? ஒரே மூச்சுல சுத்தி வந்தீங்க. அது அதோ மூலையில கழுத்து சுளுக்கிக்கிட்டு நிக்குது.

— நடுவுல நிறுத்தினா மறுபடி ஆரம்பிக்கத் தோணாது எனக்கு.

— தோணணும் அத்தான். கால் வட்டம் போங்க, நிறுத்துங்க, மூச்சு விடுங்க, எதிர்ப்பக்கம் போங்க. மணிக்கட்டு வளையட்டும். குழாய் வட்டமாப் போகுது, உங்க கை மட்டும் தண்டவாளத்துல போற மாதிரி நேராப் போகுது.

— ம்.

— ம் இல்ல, செய்ங்க. ஆங், அப்படித்தான்... ஐயோ சாமி, என்ன இது? பஞ்சு மாதிரி பொத்தல் பொத்தலா வருது. யாரு ஃபேனைப் போட்டது?

— நான்தான். உனக்கு வேர்த்துச்சு.

— டார்ச்லேர்ந்து வர்ற காஸ் மொத்தத்தையும் காத்து அடிச்சுட்டுப் போயிடுச்சே! அந்த காஸ் மூடிப் பிடிச்சாத்தான் ஒட்டு கெட்டியா இருக்கும். எத்தனையோ நாள் ஏன்னு கூட கேக்கல, அக்கறை காட்டறதுக்கு இந்த நேரந்தானா கெடச்சுது?

— அணைச்சுட்டேன்.

— தேய்ச்சு எடுங்க. எங்கம்மா போன் பண்ணாங்களா?

— பண்ணாங்க.

— என்னவாம்?

— ஞாயித்துக்கிழமை வராங்களாம். குழந்தையைக் கூட்டிட்டுப் போறாங்களாம். துணிமணியெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னாங்க.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஒண்ணும் சொல்லல.

— அதை அவங்க சம்மதம்னு எடுத்துக்குவாங்க. அத்தான், நான் அம்மாவுக்குப் பரிஞ்சு பேசல. ஆனா கட்டில்லேர்ந்து விழுந்த புள்ள விடிய விடியத் தரையில கெடந்திருக்கு, பக்கத்துல படுத்திருந்த உங்களுக்குத் தெரியல. கேட்டா யாருக்குத்தான் பதறாது?

— அவ அழல.

— அது இன்னும் மோசம்.

— தலையணையை அவளே இழுத்துப் போட்டுக்கிட்டுத் தூங்கிட்டா. ஏம்மா எழுப்பலன்னு கேட்டேன். அப்பா தூங்கட்டும்னு விட்டுட்டேன்னா.

— அப்படியா சொன்னா?

— அஞ்சு வயசு.

— தண்ணி குடிங்க அத்தான்.

— வேணாம். டார்ச்சைக் குடு.

— இந்தாங்க. டார்ச் முனையில கம்பியை ரொம்ப வெளியில நீட்ட விடாதீங்க. சத்தத்தைக் கேளுங்க. வெடிச்சு வெடிச்சு வந்தா தப்பு, மழை தகரத்துல விழற மாதிரி ஒரே சீரா வரணும்... வருது. வருது அத்தான். திருப்புங்க... போதும். அட, செதில் செதிலா அழகா வந்திருக்கே!

— சுத்தியலை எடுத்து அடி.

— எதுக்கு? நல்லாத்தானே இருக்கு.

— நேத்து செஞ்சதும் அழகாத்தான் இருந்துச்சு. ஒரு தட்டுல கழண்டு விழுந்துச்சு. மேலதான் ஒட்டிக்கிட்டிருந்துச்சு, உள்ள போகவே இல்ல.

— நகருங்க அப்ப. கால்ல விழுந்தா அதுக்கும் நான்தான் கட்டுப் போடணும்... வளையுது. குழாய்தான் வளையுது அத்தான், ஒட்டு விடல!

— இன்னொரு தடவை.

— போதும், அது பாவம்.

— அடி.

— இந்தாங்க, அடிச்சாச்சு. விடல. சிரிக்கக் கூட மாட்டீங்களா?

— அப்ப அசல் கைப்பிடியை எடு. இதே மாதிரி வருதான்னு பார்ப்போம்.

— பிடிங்க... மேல டாக், கீழ டாக்... ம்ம்... எதிர்ப்பக்கம். அவசரமில்ல... முடிஞ்சுது. கை வைக்காதீங்க, ஆறட்டும். ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? இதைக் காட்டி அம்மாவைத் தடுக்க முடியாது.

— ஏன்?

— வெறும் வளைவு ஒண்ணு நிக்குது. அடியில இவ்ளோ பெரிய சந்து. குழந்தை இது வழியா உருண்டு விழுந்துருவா. குறுக்கே மூணு நாலு கம்பியாவது வெச்சாகணும்.

— வேணாம். அவளுக்குக் கீழேயே மெத்தை போட்டாச்சு. இனிமே விழறதுக்கு இடமில்ல.

— அப்ப இத்தனை நாளா இது யாருக்கு?

— அத்தைக்கு.

— எங்கம்மாவுக்கா?

— கட்டில்லேர்ந்து பிடிச்சு எந்திரிக்க ஒண்ணும் இல்லன்னுதானே எங்க வீட்டுல ஒரு ராத்திரி கூட தங்க மாட்டேங்கறாங்க. அவங்க பாரம் மொத்தமும் இது மேலதான் வரும். அதான் அடிக்கச் சொன்னேன்.

— இதை அவங்ககிட்டயே போன்ல சொல்லியிருக்கலாமே அத்தான்.

— வாய் வரல. நீ சொல்லிடு. குழந்தையைக் கூட்டிட்டுப் போக வேணாம், எங்களோட இருக்க வரச் சொல்லு. எனக்கும் ஆள் வேணும்.