மூணு நாள் யானை ஆட்டம்

உடையப்பன்: ...யானை மட்டும் போதுமா, கரடியும் சேத்துக் கேப்பமா?

குழந்தைசாமி: கரடி எதுக்குப்பா...

உடையப்பன்: எதுக்கா? என் மகன் கல்யாணம்டா. எல்லார் வீட்டுலயும் நாயனம் வைக்கிறான். நம்ம வீட்டு வாசல்ல யானை ஆடட்டுமே. திருச்சியில சர்க்கஸ்காரன் கூடாரம் அடிச்சிருக்கான். இன்னிக்கே பேசி முடிச்சுட்டு சாயந்தர பஸ்ஸுல திரும்பிரலாம்.

வீரய்யா: கம்பவுண்டரு மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? பஸ்ஸு ஒத்துக்கலையா?

குழந்தைசாமி: அதெல்லாம் இல்ல. நீ கொஞ்சம் சன்னல் பக்கம் நகந்து ஒக்காரு.

உடையப்பன்: மாட்டாஸ்பத்திரியில இருபது வருசமா சாணி மோந்தவன். அவன பஸ்ஸு என்ன செஞ்சிரும்?

குழந்தைசாமி: உடையப்பா... நாயனமே வையி. அது போதும்.

உடையப்பன்: நாயனமும் உண்டு. யானை ஒனக்காக.

குழந்தைசாமி: எனக்காகவா?

உடையப்பன்: பின்ன? இந்தக் கல்யாணத்துல ஒனக்கு என்ன செய்யறதுன்னு எத்தன நாளா யோசிக்கிறேன். வேட்டி துண்டு குடுத்தாத் தீந்துருமா? எங்க ஆத்தாவோட பசு கன்னு போட முடியாமக் கெடந்தப்ப, ஒரு பகல் பூரா பச்சத் தண்ணி குடிக்காம நின்ன. கடைசி வரைக்கும் ஆத்தா அந்தப் பசுவோட பாலத்தான் குடிச்சா.

குழந்தைசாமி: அது என் வேலைப்பா. அதுக்குத்தான் எங்க ரெண்டு பேரையும் கொழும்புக்கே கூட்டிப் போயிட்டியே. கடலையே பாக்காதவன் நான். கப்பல்ல நின்னு பாத்தது கண்ணுலயே இருக்கு. எந்தக் காலத்துலயும் மறக்க மாட்டேன்.

வீரய்யா: கப்பல்ல வாந்தி எடுத்தத மறந்துட்டாரு.

குழந்தைசாமி: கப்பல் ஏறுமுன்ன மண்டபம் கேம்புல போடற ஊசிக்குப் பயந்து நீ ஒளிஞ்சியே, அத நான் சொல்லவா?

உடையப்பன்: சும்மா இருங்கப்பா. கடல விட இவன் ரசிச்சது கொழும்பு சர்க்கஸ்ல பாத்த அந்த யானை ஆட்டத்தத்தான். மொத நாளு எப்படிக் கை தட்டினான். மூணு நாளும் விடாமப் போனமே.

குழந்தைசாமி: ...கீரனூர் எப்ப வரும்?

வீரய்யா: இப்பத்தான நார்த்தாமலை தாண்டுச்சு.

குழந்தைசாமி: கீரனூர்ல எறங்கிருவமா?

உடையப்பன்: எதுக்கு?

குழந்தைசாமி: ஒரு காபி குடிச்சுட்டு... அப்படியே ஊருக்குத் திரும்பிருவம்.

உடையப்பன்: திரும்பறதா? சர்க்கஸ்காரன யாரு பாக்கறது?

குழந்தைசாமி: கோவிச்சுக்க மாட்டியே?

உடையப்பன்: மொதல்ல விசயத்தச் சொல்லு.

குழந்தைசாமி: எனக்கு அந்த ஆட்டம் பிடிக்கல உடையப்பா.

உடையப்பன்: ...பிடிக்கலையா?

குழந்தைசாமி: முன்வரிசையில ஒக்கார வச்சுட்டு, ஆட்டத்தப் பாக்காம என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்த. நல்லாருக்கா, நல்லாருக்காங்கற. கை தட்டாம நான் என்ன செய்வேன்?

உடையப்பன்: யானை மவுத்தார்கன் வாசிச்சப்ப சிரிச்சியேடா.

குழந்தைசாமி: சிரிச்சேன். அது நெசமான சிரிப்புதான். தும்பிக்கையில பிடிச்சுக்கிட்டு வாசிச்சா யாருக்குத்தான் சிரிப்பு வராது? அப்புறம் முக்காலி மேல ஏத்துனான் பாரு... எடது பின்னங்கால்ல, சங்கிலி போடற எடத்துல புண்ணு. சீழ் கோத்திருந்துச்சு. ஊன முடியாம கால மாத்தி மாத்தி வைக்குது. சனம் அத ஆட்டம்னு நெனச்சுக் கை தட்டுது. நானும் தட்டுறேன்.

உடையப்பன்: அடப்பாவி... அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?

குழந்தைசாமி: எவ்வளவு ஆசையாக் கூட்டிப் போன. ஒங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? பையில களிம்பு டப்பா இருந்துச்சுப்பா. எங்க போனாலும் எடுத்துட்டுப் போறதுதான். எந்திரிச்சுப் போயிப் போட்டுவிடத் தைரியம் வரல. வேத்து நாடு, பாஷை தெரியாது. மறுநாளாவது போட்டுருவம்னு பையத் தொழாவுறேன், டப்பாவக் காணோம். மருந்த வச்சுக்கிட்டு சும்மா ஒக்காந்திருந்துட்டேனேன்னு... அது இன்னும் முள்ளாட்டம் நெஞ்சுல நிக்கிது.

வீரய்யா: மூணாம் நாளு கொஞ்சம் தேவலையா நடந்துச்சே.

குழந்தைசாமி: ஆமா. வலி பழகிப் போச்சாக்கும்னு நெனச்சேன். அது இன்னும் சங்கடமாப் போச்சு.

உடையப்பன்: நானும் ஒண்ணு சொல்லிரவா?

குழந்தைசாமி: சொல்லு.

உடையப்பன்: மூணு நாளும் நான் ஆட்டத்தப் பாக்கவே இல்ல.

குழந்தைசாமி: என் மூஞ்சியப் பாக்காத நேரமெல்லாம் கண்ண மூடிக்கிட்டு ரசிச்சியே.

உடையப்பன்: ரசிச்சனா? பிள்ளையாரப்பா மன்னிச்சுக்க, மன்னிச்சுக்கன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். பிள்ளையார்பட்டிக்குப் போகாம எங்க வீட்டுல ஒரு காரியம் தொடங்கினதில்ல. அது என் முன்னாடி வந்து மண்டி போட்டு சலாம் வைக்குது. எனக்கு. ஒடம்பே கூசிப் போச்சு. பதிலுக்கு நான் தலையில குட்டிக்கிட்டேன். பக்கத்துச் சீட்டு தொரைசானி என்னயப் பாத்துச் சிரிக்கிறா.

வீரய்யா: தோப்புக்கரணம் போடவே எந்திரிச்சுட்டாரு. நாந்தான் வேட்டியப் பிடிச்சு இழுத்து ஒக்கார வச்சேன்.

குழந்தைசாமி: அப்ப எதுக்குப்பா மறுநாளும் டிக்கெட் வாங்குன?

உடையப்பன்: நீ கேட்டியேன்னு வாங்குனேன்.

குழந்தைசாமி: நான் எங்க கேட்டேன்? நீ வாங்கிட்ட, வரலைன்னா ஒன் மனசு நோகும்னுல்ல வந்தேன்.

உடையப்பன்: நீதானடா இன்னொரு நாளு பாக்கணும்னு...

குழந்தைசாமி: யாரு சொன்னா?

உடையப்பன்: வீரய்யா.

குழந்தைசாமி: நீ டிக்கெட் வாங்கிட்டன்னு எங்கிட்டச் சொன்னதும் அவந்தான்.

உடையப்பன்: வீரய்யா... வெளிய என்ன பாக்கற? இங்கிட்டுத் திரும்பு.

வீரய்யா: கீரனூர் வந்துருச்சு போலருக்குங்க.

குழந்தைசாமி: அது வரட்டும். ஆட்டம் முடிஞ்சதும் பீடி குடிச்சுட்டு வாரேன்னு தெனமும் கூடாரத்துக்குப் பின்னாடி போனியே...

உடையப்பன்: இவன் எப்பப் பீடி குடிச்சான்? கறம்பக்குடிக்காரன், வெத்தலையத் தவிர வேறொண்ணும் தெரியாது.

குழந்தைசாமி: அப்ப என் களிம்பு டப்பா...

உடையப்பன்: என் சரிகைத் துண்டும் அங்கதான்டா காணாமப் போச்சு.

வீரய்யா: கட்டுப் போடத் துணி வேணுமுல்லங்க. அதுதான் மெதுவா இருந்துச்சு.

குழந்தைசாமி: ஒனக்கு எப்படிப்பா தெரிஞ்சுச்சு?

வீரய்யா: நானும் நாலு சோடி மாடு வச்சிருக்கவந்தான கம்பவுண்டரே. நொண்டறதுக்கும் ஆடறதுக்கும் வித்தியாசம் தெரியாதா?

குழந்தைசாமி: பாகன் எப்படி விட்டான்?

வீரய்யா: டப்பாவக் காட்டினேன். அது காலக் காட்டினேன். அவனே தட்டிக் குடுத்துப் படுக்க வச்சான். மருந்து போடப் போட அவன் கண்ணுல தண்ணி. அவனுக்கும் அது பிள்ளையாட்டந்தான். பொழப்பு அப்படி.

உடையப்பன்: எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?

வீரய்யா: சொன்னா நீங்க சர்க்கஸ் மொதலாளியத் தேடிப் போயிச் சண்ட போடுவீங்க. இவரு அழுவாரு. அப்புறம் என்னய எவன் உள்ள விடுவான்?

குழந்தைசாமி: வீரய்யா... ஒனக்கு நான் என்ன செய்யப் போறேன்? நான் செய்ய வேண்டியது. என் பாரத்த எறக்கி வச்சுட்டப்பா. நீ நல்லாருக்கணும்.

உடையப்பன்: எறங்குங்க ரெண்டு பேரும். யானையும் வேண்டாம் கரடியும் வேண்டாம். மொதப் பந்தியில என் ரெண்டு பக்கமும் நீங்க ரெண்டு பேரும் ஒக்காந்தாப் போதும். ஆனா ஒண்ணு கேக்கறேன் வீரய்யா. ஒரு நாளு போட்டுட்டு விட்டிருந்தா என்ன? மூணு நாளும் அந்தப் பிள்ளையாருக்கு முன்னாடி என்னயக் கூனிக் குறுக வச்சுட்டியே.

வீரய்யா: நம்ம கம்பவுண்டரு மாட்டாஸ்பத்திரி வாசல்ல நின்னு எங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றதுதானுங்களே... கால் புண்ணுக்கு மூணு நாளு விடாமப் போட்டாத்தான் ஆறும்னு.