நாலாவது கொக்கி

தோரா: ஒன்பதாயிரம் பவுண்டு. மணி நீங்கலா.

வில்ஃப்: மணி நீங்கலாவா? மணியில்லாத தீயணைப்பு வண்டிய வாங்கி நான் என்ன பண்ண, கோழி வளர்க்கவா?

தோரா: மணிக்கு விலையே கிடையாது வில்ஃப். புகைக்குள்ள மாட்டிக்கிட்டு எத்தன பேரு அந்தச் சத்தத்தக் கேட்டு ‘அப்பாடா, வந்துட்டாங்க’ன்னு மூச்சு விட்டிருப்பாங்க... அதுக்குப் போய் விலை போட முடியுமா?

வில்ஃப்: நீ போட்டிருப்ப. சொல்லு.

தோரா: அதுக்கு இன்னொரு ஒன்பதாயிரம்.

வில்ஃப்: அடிப்பாவி! நான் கறிக்கடைக்காரன். ராஜா வீட்டுச் சம்பந்தி இல்ல. இந்தா பாரு, டயர் எல்லாமே வழுக்கை.

தோரா: உன் தலைய வச்சுக்கிட்டு வழுக்கையப் பத்திப் பேசாத. ஐம்பத்து நாலாம் வருஷத்து டென்னிஸ் கம்பெனி வண்டி கண்ணு இது. உள்ள இருக்கறது ரோல்ஸ் ராய்ஸ் இஞ்சின். இதே கராஜ்ல என் கையால ரெண்டு தடவ இறக்கி ஏத்தியிருக்கேன்.

வில்ஃப்: ரோல்ஸ் ராய்ஸ்... அதான் குடிக்கறதும் பிரபு மாதிரி குடிக்குது. இங்கிருந்து ஆத்துப்பாலம் போறதுக்குள்ள ஒரு டேங்க் காலி. மூவாயிரத்து இருநூறு.

தோரா: அந்த மர ஏணிக்கு மட்டும் தர்றியா? சரி, ஏணியக் கழட்டிட்டுப் போ.

வில்ஃப்: மூவாயிரத்து ஐந்நூறு. கூட ரெண்டு கிலோ சாசேஜ்.

தோரா: சாசேஜுல ரொட்டித்தூள் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். ஆமா, வாங்கி என்ன பண்ணப் போற? அதச் சொல்லு மொதல்ல.

வில்ஃப்: தொழில்தான். இந்தப் பக்கம் ஒரு ஜன்னல் வெட்டி, குழாய் சுத்தி வைக்கிற இடத்துல ஒரு அடுப்பு போட்டு... சந்தையன்னிக்கு நிறுத்தினா பிச்சிக்கிட்டுப் போகும். சிப்ஸ் வண்டி.

தோரா: ப்ஃப்...

வில்ஃப்: என்ன?

தோரா: ஒண்ணுமில்ல.

வில்ஃப்: சிரிக்கிற.

தோரா: இல்லப்பா. நீ... தீயணைப்பு வண்டில... சிப்ஸ்...

வில்ஃப்: சிரி, நல்லா சிரி. ஊரே பதினாலு வருஷமா சிரிக்குது, நீ ஒருத்தி பாக்கியா? நேத்துக்கூட ஒரு சின்னப் பொண்ணு கடைக்கு வந்து, ‘ஸ்டேஷனையே வறுத்தெடுத்தவர் நீங்கதானா அங்கிள்?’னு கேக்குது. அது பொறக்கறதுக்கு முன்னாடி நடந்த விஷயம்!

தோரா: நான் சிரிச்சது அதுக்கில்ல வில்ஃப்.

வில்ஃப்: வேற எதுக்கு? உலகத்துலயே எந்தத் தீயணைப்புப் படையும் பண்ணாத வேலைய நாம பண்ணோம். எங்கயோ மலைமேல கொட்டகை எரியுதுன்னு மணியடிச்சதும் போட்டது போட்டபடி ஓடுறோம். பாதி வழியில ரேடியோல அந்தப் பொண்ணு சொல்லுது: ‘உங்க ஊரு ஸ்கார்பெக்ல இன்னொரு தீ. விலாசம் குறிச்சுக்குங்க.’ நானும் பொறுப்பா பென்சில எடுத்துக் குறிக்கிறேன்... தெருப் பேரு... கதவு நம்பரு... நம்ம ஸ்டேஷன்!

தோரா: ‘இன்னொரு தடவ சொல்லுங்க’ன்னு கேட்ட பாரு...

வில்ஃப்: மூணு தடவ கேட்டேன்.

தோரா: எரிஞ்சது என்ன? ஒரு திரைச்சீலை, ரெண்டு அலமாரி, ஒரு கெட்டில். யாருக்கும் ஒரு கீறல் இல்ல.

வில்ஃப்: பக்கத்து ஊரு ஹார்ட்லிக்காரங்க வந்து அணைச்சாங்களே, அது போதாதா? அவங்க வண்டி நம்ம வாசல்ல நிக்கற படம் பேப்பர்ல வந்துதே, அது போதாதா? நான்தான் பொறுப்பாளர். சிப்ஸ் வறுக்க அடுப்புல சட்டிய வச்சது நான். ஓடுங்கடான்னு கத்தினதும் நான்.

தோரா: கடைசியா வெளிய வர்றவங்கதான் அடுப்பப் பாக்கணும். அது அப்பவே இருந்த சட்டம்.

வில்ஃப்: யாரு கடைசின்னு யாருக்கு ஞாபகம் இருக்கு? சட்டி என் சட்டி.

தோரா: ம்.

வில்ஃப்: மறுநாள் காலைல ஹெல்மெட்ட வாசப்படியில வச்சுட்டு வந்துட்டேன். சரிதான?

தோரா: சரியில்ல. கேக் வாங்கித் தராம ஓடிட்ட.

வில்ஃப்: என்னது?

தோரா: தப்புப் பண்ணா கேக். பேப்பர்ல மூஞ்சி வந்தா கேக். ஸ்டேஷன்ல அதுக்கு மேல சட்டம் உண்டா? செவுத்துல தொங்குதே அபராத நோட்டு, அதுல உன் பக்கம் அப்படியே இருக்கு. சட்டிக்கு அஞ்சு. படத்துக்கு ஆறு. பக்கத்து ஊர்க்காரன் வந்து அணைச்சதுக்கு ஆறு. மொத்தம் பதினேழு கேக்.

வில்ஃப்: அந்த நோட்டு எரியலயா?

தோரா: எரியறதெல்லாம் எரிஞ்சுது, அது மட்டும் எரியல.

வில்ஃப்: எந்தச் சாமிக்கு என் மேல அவ்வளவு கோபமோ... சரி, நாலாயிரம். பேச்ச மாத்தாத.

தோரா: எட்டாயிரத்து எண்ணூறு. நீ ஏன் கடிகாரத்தப் பாத்துக்கிட்டே இருக்க? வந்ததுலேர்ந்து அஞ்சாவது தடவ.

வில்ஃப்: கடையத் திறந்துபோட்டுட்டு வந்திருக்கேன்ல.

தோரா: அதுவும் ஒரு அதிசயம். காலைல உன் கடையத் தாண்டி வந்தேன். கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு பிஸ்கட் டப்பா. மேல சீட்டு. ‘நான் இல்லன்னா நீங்களே நிறுத்து எடுத்துக்கிட்டு, காசு இதுல போட்டுட்டுப் போங்க.’ உன் கையெழுத்து மாதிரியே இருந்துது.

வில்ஃப்: என் கையெழுத்துதான்.

தோரா: நம்ம வில்ஃப் டாலன்டயரா இப்படி எழுதினது? ஒரு பென்னி குறைஞ்சா தெருக்கோடி வரைக்கும் துரத்துவியே!

வில்ஃப்: வயசாவுதுல்ல. மனசு விரியுது.

தோரா: பல்லு?

வில்ஃப்: பல்லுக்கென்ன?

தோரா: ஜனவரியிலேர்ந்து புதன்கிழமை தவறாம கடை மூடியிருக்கு. கேட்டா பல் டாக்டர். எட்டு மாசம், வாரம் ஒண்ணு... கணக்குப் போட்டா உன் வாய்ல அத்தன பல்லே கிடையாது.

வில்ஃப்: அது... வேரு ஆழமா போயிருக்காம்.

தோரா: பாவம். போன புதன் முட்டிய வேற நொண்டிக்கிட்டு வந்த. பல் டாக்டர் முட்டி வழியா உள்ள போனாரோ?

வில்ஃப்: நீ வண்டி விக்கறியா, போலீஸ் வேலை பாக்கறியா? உன்னைய ஒண்ணு கேக்கறேன். இத்தன வருஷம் பொத்திப் பொத்தி வச்ச வண்டிய இப்ப ஏன் விக்கற? அதுவும் விளம்பரத்த என் கடைக்கு எதிர்ல, தபாலாபீஸ் ஜன்னல்ல ஒட்டியிருக்க. நான் சாசேஜ் கட்டத் திரும்பினாக்கூட அதான் தெரியுது.

தோரா: ஒட்டறதுக்கு வேற இடம் கிடைக்கல.

வில்ஃப்: ஊர் பூரா ஜன்னல்.

தோரா: சரி, சொல்றேன். தீயணைப்புத் தலைமை ஆபீஸ்லேர்ந்து கடுதாசி வந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பகல் நேரத்துக்கு, கூப்பிட்டா சொந்த வேலைய விட்டுட்டு ஓடி வர்ற நாலு பேரக் காட்டலன்னா, எதிர்ல ஸ்டேஷன்ல நிக்குதே நம்ம வண்டி, அத எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. ராத்திரிக்கு ஆள் இருக்கு. பகல்ல எல்லாரும் வெளியூர் வேலைக்குப் போயிடறாங்க. மருந்துக்கடை ஃபாரூக், பள்ளிக்கூடத்துச் சமையல் ஜேனட், நான். மூணே பேரு.

வில்ஃப்: மூணு பேர வச்சு வண்டிய எடுக்கக் கூடாது.

தோரா: வாசலத் தாண்டக் கூடாது. அதுக்குப் பதிலா ஒரு குட்டி வேன் தர்றாங்களாம். ரெண்டு பேர் போதுமாம். தண்ணி எவ்வளவு தெரியுமா? உன் மாட்டுக்கறித் தொட்டில அதவிட அதிகம் பிடிக்கும். அத வச்சு மெழுகுவத்தி அணைக்கலாம். இந்த ஊர்ல பெரிய வண்டியே இல்லன்னு ஆனப்புறம், நான் இந்தக் கிழட்டு டென்னிஸத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா எப்படி இருக்கும்? அதான்.

வில்ஃப்: போன டிசம்பர்ல பர்க்கெட் அம்மா வீட்டுப் புகைக்கூண்டு தீப்பிடிச்சுதே...

தோரா: அத ஏன் கேக்கற. ஸ்டேஷன்லேர்ந்து அம்பதடி. நாங்க மூணு பேரும் தொப்பி, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கிட்டு, முன்னூறு குதிரை சக்தி வண்டி முதுகுக்குப் பின்னால நிக்க... ஹார்ட்லிலேர்ந்து அவங்க வர்ற வரைக்கும் இருபத்திரண்டு நிமிஷம் வேடிக்கை பாத்தோம். அந்தம்மாவ, பூனைய, வெளிய கொண்டுவந்துட்டோம். மாடி போச்சு. அந்தம்மா என்னப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. ‘வண்டி அங்கதான நிக்குது கண்ணு?’

வில்ஃப்: கேட்டுது.

தோரா: உனக்கா?

வில்ஃப்: கடை ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அந்த இருபத்திரண்டு நிமிஷத்துல நாப்பது சாசேஜ் கட்டினேன். ஒண்ணுகூட உருப்படியா வரல. ஆமா, மணி பன்னண்டாச்சா?

தோரா: இன்னும் ரெண்டு நிமிஷம். பன்னண்டுக்கு என்ன?

வில்ஃப்: ஒண்ணுமில்ல. நாலாயிரத்து ஐந்நூறு. இதுக்கு மேல ஒரு பென்னி ஏறமாட்டேன்.

தோரா: எட்டரை. டீ வேணும்னா போட்டுத் தரேன். அதுக்குக் காசு இல்ல.

வில்ஃப்: நீ போடற டீய அபராத நோட்டுல எழுதணும். தோரா, வந்து... நான் இன்னிக்கு இங்க வந்தது வண்டி விலை பேச மட்டும் இல்ல.

தோரா: அப்படியா? நானும் விளம்பரத்த ஒட்டினது வண்டி விக்க மட்டும் இல்ல.

வில்ஃப்: அப்ப நீ மொதல்ல சொல்லு.

தோரா: வாங்க வந்தவர்தான் மொதல்ல சொல்லணும்.

வில்ஃப்: இதுலயும் பேரமா! சரி. அந்தப் பல் டாக்டர் விஷயம்... அது வந்து...

தோரா: ஒரு நிமிஷம். கத்துது.

வில்ஃப்: ஸ்டேஷன் பேஜரா?

தோரா: ஆமா. என் இடுப்புல ஒண்ணு. இன்னொண்ணு எங்க கத்துது வில்ஃப்? உன் கோட்டுப் பாக்கெட் கீச்சுகீச்சுங்குது.

வில்ஃப்: அது... பன்னண்டு மணிலேர்ந்துதான் என் பேரு பட்டியல்ல ஏறுது. இப்பதான் ஏறியிருக்கு. புதன்கிழமையெல்லாம் பயிற்சிக்குப் போயி, மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து படிச்சேன் தோரா. ஏணி, குழாய், புகை அறை, எல்லாம். பாதிப் பசங்களுக்கு என் மவன் வயசு. என்னத் தாத்தான்னு கூப்பிட்டானுங்க. உங்கிட்ட நானே சொல்றேன்னு ஆபீஸ்ல கெஞ்சிக் கேட்டிருந்தேன். என்ன வந்திருக்கு? படி!

தோரா: நார்ஸ்கில் பண்ணை. வைக்கோல் கொட்டகை. உள்ள கன்னுக்குட்டிங்க. ஓடு, ஓடு! கராஜ் கதவெல்லாம் கிடக்கட்டும், எவனும் டென்னிஸத் தூக்கிட்டுப் போகமாட்டான்!

வில்ஃப்: அந்தா ஃபாரூக் வர்றாரு. வெள்ளைக் கோட்டோட ஓடி வர்றாரு மனுஷன்!

தோரா: அந்தப் பக்கம் ஜேனட். கைல கரண்டி. ஜேனட், கரண்டியக் கீழ போடு! அடுப்ப அணைச்சியா?... சரி, தலைய ஆட்டறா.

வில்ஃப்: என்னோட சாமான்லாம் இன்னும் வரலயே. வெள்ளிக்கிழமைதான் அனுப்பறேன்னாங்க. நான் பூட்ஸுக்கு எங்க போவேன்?

தோரா: ஸ்டேஷன் செவுத்துல நாலாவது கொக்கி. உன் பேரு எழுதியிருக்கு. பூட்ஸ் பத்தாம் நம்பர். இடது காலுக்குக் கொஞ்சம் பஞ்சு வச்சிருக்கேன், உனக்கு அந்தக் கால் சின்னதுல்ல.

வில்ஃப்: உனக்குத் தெரியுமா? எப்பலேர்ந்து?

தோரா: ஜனவரிலேர்ந்து. ஆபீஸ்காரங்க உன்னப் பத்தி யாருகிட்ட விசாரிப்பாங்கன்னு நெனச்ச? இப்பப் பொறுப்பாளர் என்கிட்டதான.

வில்ஃப்: தெரிஞ்சுக்கிட்டேவா ஒரு மணி நேரமா ஒன்பதாயிரம், எட்டரைன்னு உசிர வாங்கின? சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல! எதுக்கு அந்த விளம்பரம்? எதுக்கு இத்தன பேரம்?

தோரா: தைரியம் வர்ற வரைக்கும் உன்ன நிறுத்தி வைக்கணும்ல. பூட்ஸ மாட்டிக்கிட்டே கேளு, திரும்பிப் பாக்காத. சட்டி எரிஞ்ச அன்னிக்குக் கடைசியா வெளிய வந்தது நான். அடுப்பு எரியறதப் பாத்தேன். யாராவது திரும்பி வந்து அணைப்பாங்கன்னு நெனச்சுக் கதவச் சாத்தினேன். மறுநாள் சொல்லலாம்னு வந்தா, வாசப்படியில உன் ஹெல்மெட். அடுத்த வாரம் உன் பதவிய என்கிட்ட குடுத்தாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் வாய் இன்னும் கொஞ்சம் இறுகிப் போச்சு. வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு இத எழுதிக் குடுக்கறேன், அப்புறம் பதவி யாருக்குன்னு அவங்க பாத்துக்கட்டும். இப்பக் கணக்க மட்டும் கேட்டுக்க. டென்னிஸ், விக்கறதுக்கு இல்ல, என்னிக்கும் இருந்ததில்ல. ஆளு, ஃபாரூக் ஒண்ணு, ஜேனட் ரெண்டு, நான் மூணு, நீ நாலு. அந்தக் கணக்கு நேர். கேக்கு பதினேழு. அதுல பாதிய அடிச்சுட்டு என் பேர்ல எழுது. ஆளுக்கு எட்டரை, ரெண்டு பேருமே பாக்கி. ஏறு வண்டில.