உதவி எந்த வகை?

என் மச்சானுக்குக் கண்ணில் கோளாறே கிடையாது. உலகத்திலுள்ள எழுத்துகள்தான் வரவரச் சிறுத்துப்போகின்றன என்பார். அப்பேர்ப்பட்ட மேதைக்குக் கணினித் திரை செய்து கொடுப்பது லேசுப்பட்ட வேலையில்லை, ஐயா.

முப்பது வருடமாக என் தொழிலே ஆளுக்கேற்ற திரை செய்வதுதான். ஒரு ஆளைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் கணினிக்குப் புரியும்படி வகைபிரித்து எழுதிவைப்பேன். இவருக்கு இது பிடிக்கும், அது ஆகாது, இது இன்ன வகையைச் சேர்ந்தது என்று. அதைப் பார்த்துத் திரை தன்னை மாற்றிக்கொள்ளும். பிடித்தது பெரிதாகும், ஆகாதது மறையும்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். இதயம் பழுதானதும் எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்தார். வந்த ஒரு வாரத்தில் என் நாற்காலியும் அவருடையதாகிவிட்டது.

“அண்ணனுக்கு நெஞ்சு வலிச்சா, ஒரு தட்டு தட்டினா டாக்டருக்குத் தெரியிற மாதிரி ஏதாவது செஞ்சு வைங்களேன்” என்றாள் மனைவி. செய்தேன். கட்டிலருகே ஒரு திரை, அதன் நடுவில் சிவப்பாக ‘உதவி’ என்ற பொத்தான்.

மச்சான் பார்த்துவிட்டுச் சிரித்தார். “என்ன மாப்ளே, இந்தப் பொட்டி என்னைப் பார்த்துக் கத்துக்குமாமே? நல்லது. இந்த வீட்ல ஒண்ணாவது கத்துக்கட்டும்.”

“நீங்க சொல்றதை அப்படியே எழுதிக்கும் மச்சான்.”

“அப்ப இதையும் எழுதிக்கச் சொல்லு. உதவி கேக்குறது எனக்கு அவமானம். அதெல்லாம் உன்னை மாதிரி கையாலாகாதவனுக்கு.”

எழுதிக்கொண்டேன். உதவி, வகை: அவமானம். அவமானம் தருவது எதுவும் கண்ணில் படக்கூடாது என்ற விதி ஏற்கெனவே இருந்தது. மறுநாள் பொத்தான் மறைந்துவிட்டது. அவசரப் பொத்தானுக்கு விலக்கு என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம்தான், எல்லாருக்கும் சேர்த்திருக்கிறேன். அவர்கள் சாதாரண ஆட்கள், பேச்சு ஒன்று, தேவை ஒன்று. மச்சான் சொன்ன சொல் மாறாதவர். அவரே சொல்லியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். மனைவி கடைக்குப் போயிருந்தாள். மாடித் திரையில் விரல் படுவதெல்லாம் கீழே என் கணினியில் தெரியும். பொத்தான் இருந்த வெற்றிடத்தில் ஒரு தட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. பதினொன்று வரை போயிற்று. திரை சும்மா இருக்குமா? இந்த இடத்தின் மேல் இவருக்குக் கொள்ளை ஆசை என்று முடிவுகட்டி, அவருக்குப் பிரியமான சீட்டாட்டத்தைக் கொண்டுவந்து அங்கே வைத்தது. நான் செய்ததிலேயே அழகான வேலை அதுதான். பன்னிரண்டாவது தட்டுக்குச் சீட்டுகளைக் கலைத்துப் போட்டது.

மாடியிலிருந்து “மாப்ளே” என்று குரல் கேட்டது. அது வெறும் உறவுமுறைதானே, அதில் கோரிக்கை ஏதும் இல்லை. கொஞ்சம் பொறுத்து, “உதவி பண்ணுய்யா” என்றார்.

பதினான்கு படிதான். ஏறியிருக்கலாம். அரை மணி கழித்து மனைவிதான் ஏறினாள், ஏறிய கையோடு அலறினாள்.

அவ்வளவு பெரிய மனிதர் அப்படி அவமானப்பட்டுக் கிடக்கும்போது நான் போய் எதிரே நிற்பதா? பெரியவர்களுக்கு மரியாதை கொடுத்தே பழகியவன் நான், ஐயா.