சாவி மாரிக்கண்ணனிடம் இருந்தது

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கல்லூரியில் செமினார் என்றால் முதல் நாளே காய்ச்சல் வந்துவிடும். பட்டமளிப்பு விழாவுக்குக்கூடப் போகவில்லை. மேடையில் பெயரைக் கூப்பிடுவார்களே என்று பயந்து, மறுவாரம் அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டேன். அதனால்தான் மேடம், காலையிலிருந்து இந்த ஸ்டேஷனில் நீங்கள் கேட்டதற்கெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அழுத்தக்காரி என்று நினைத்திருப்பீர்கள். காகிதமும் பேனாவும் கொடுத்ததற்கு நன்றி. எழுதினால் எனக்கு வரிசையாக வரும்.

என் பெயர் ஆர்த்தி. வயது இருபத்தைந்து. ஆமத்தூரிலிருந்து கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறேன். பி.எஸ்ஸி. வேதியியல் படித்திருக்கிறேன். பட்டாசு கம்பெனி ஒன்றில், வருகிற வெடிமருந்து மூட்டைகளில் ஈரம் இருக்கிறதா, கலப்படம் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வது என் வேலை. பேசாத பிள்ளை என்றுதான் அங்கே எல்லாருக்கும் என்னைத் தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் என் அம்மா பட்டாசு அறை ஒன்றில் நடந்த வெடிவிபத்தில் இறந்தாள். அந்த வழக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதிலிருந்துதான் எனக்கு இந்த யோசனை வந்தது.

லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் அறை அறையாக உள்குத்தகைக்கு விடுவார். எடுத்தவர் இன்னொருவருக்குக் கைமாற்றுவார். அம்மா இறந்த அறை நான்கு கை மாறியிருந்தது. விசாரணையில் நான்கு பேரும் "நான் முதலாளி இல்லை" என்றார்கள். ஒருவர் இடம் மட்டும் கொடுத்தார். ஒருவர் மருந்து மட்டும் கொடுத்தார். ஒருவர் ஆள் மட்டும் அனுப்பினார். ஒருவர் சரக்கை மட்டும் வாங்கிக்கொண்டார். யோசித்துப் பார்த்தால் நான்கு பேரும் சொன்னது உண்மைதான். வேலை நடக்கிறது, எல்லாருக்கும் அதில் பங்கு இருக்கிறது, பிடிப்பதற்கு மட்டும் ஒரு தலை இல்லை. எனக்குக் கோபத்தைவிட வியப்புதான் அதிகம். இவ்வளவு உறுதியான ஓர் அமைப்பை நான் பாடப் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை.

அவர்களால் முடியும் என்றால் எங்களாலும் முடியும் என்று தோன்றியது.

டெலிகிராமில் ஒரு குழு தொடங்கினேன். பெயர் வைக்கவில்லை, ஒரு புள்ளி மட்டும் வைத்தேன். என் படம் கிடையாது, யாருடைய படமும் கிடையாது. விதி நான்குதான். யாரும் யாருக்கும் உத்தரவு போடக் கூடாது. யார் வேண்டுமானாலும் ஒரு யோசனை சொல்லலாம். ஒரு மணி நேரத்துக்குள் முப்பது பேர் சம்மதித்தால் அது நடக்கும். அவரவர் தன்னால் முடிந்ததை மட்டும் செய்துவிட்டு, மற்றவர் யார் என்று கேட்காமல் இருக்க வேண்டும்.

ஆறு மாதத்தில் முந்நூற்று நாற்பது பேர் சேர்ந்தார்கள். அறைகளில் வேலை செய்கிறவர்கள், வேன் டிரைவர்கள், அச்சகத்துப் பையன்கள், ஊரை விட்டுப் போய் வெளிநாட்டில் இருப்பவர்கள். எனக்கு ஒருவரையும் நேரில் தெரியாது. ஒருநாள் யாரோ எங்களைக் கொரில்லாப் படை என்று எழுதினார்கள். உடனே இன்னொருவர், "நான் வீட்ல பல்லிய அடிக்கவே பயப்படுதேன், நான் கொரில்லாவாம்லே" என்றார். அன்று நெடுநேரம் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். நானும் சிரித்தேன். அப்படி ஒரு கூட்டத்தில் இருந்து சிரிப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

தலைவர் இல்லாமல் இதெல்லாம் நடைமுறையில் சாத்தியமா என்று காலையில் கேட்டீர்கள். தொடக்கத்தில் நன்றாகவே நடந்தது. நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் பதினான்கு பேர் இருப்பதை ஒருவர் படம் எடுத்தார். இன்னொருவர் வழி சொன்னார். ஒரே காலையில் அறுபத்து மூன்று போன்களிலிருந்து அறுபத்து மூன்று புகார் அதிகாரிகளுக்குப் போனது. ஒரு புகாரைக் குப்பையில் போடலாம், அறுபத்து மூன்றைப் போட முடியாது. ஜீப் வந்தது, சீல் வைத்தார்கள். யார் செய்தது என்று கம்பெனிக்காரர்கள் தேடினார்கள். தேடிப் பிடிக்க ஒரு ஆள் இருந்தால்தானே.

பிறகு அவர்களும் பழகிக்கொண்டார்கள். "வண்டி வருது" என்று செய்தி வந்தால், போர்மேன் அறையை வெளியிலிருந்து பூட்டிவிடுவார். ஆட்கள் உள்ளேயே இருப்பார்கள். அதிகாரிகள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டு, உபயோகத்தில் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். பதினைந்து இருபது பெண்களை வெளியே விரட்டினால் காட்டில் ஓடுவது தெரியும். பூட்டினால் தெரியாது.

இதை எனக்குச் சொன்னது பாண்டிலட்சுமி அக்கா. அம்மாவோடு வேலை செய்தவள். தினமும் அதே வேனில் வருவாள். "உள்ள உக்காந்து மூச்சு விடாம இருப்போம் பிள்ளே. போன வாரம் ஒருத்திக்குத் தும்மல் வந்துட்டு. சேலைய வாயில திணிச்சிக்கிட்டு நாங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே, வந்தவுக மட்டும் கேட்டிருந்தா அம்புட்டுத்தான்" என்றாள். கலந்து வைத்த மருந்து, பாதியில் நிறுத்திய வேலை, மூடிய கதவு, மேலே வெயில். வெடிக்க இது போதும், இது நான் படித்த பாடம்.

இந்த இடத்தில்தான் அந்த யோசனை வந்தது. ஜீப் வர வேண்டியதே இல்லை, வருகிறது என்று சொன்னாலே போதும். வேலை நின்றுவிடும். குழுவில் நான்தான் எழுதினேன், வேறொரு கணக்கிலிருந்து. நாற்பத்தாறு பேர் சம்மதித்தார்கள். ஒரு புதன்கிழமை, ஒரே நேரத்தில், பல போன்களிலிருந்து எல்லாப் போர்மேன்களுக்கும் செய்தி போனது. இருபத்தேழு அறைகளில் அரை நாள் வேலை நின்றது. "எங்க போர்மேன் ஓடுன ஓட்டத்துல செருப்பு அறுந்து போச்சுலே" என்று ஒருவர் எழுதினார். அதன் பிறகு வாரம் ஒருமுறை அனுப்பினோம்.

ஏப்ரலில் ஒருவர் குறுக்கே வந்தார். இப்போது அவர் பெயர் தெரியும், ஜாபர் சாதிக். சிவகாசியில் அட்டைப்பெட்டி வியாபாரம் செய்கிறவர். அவர் எழுதினார்: "உள்ள ஆள வச்சுப் பூட்டுறாக. நம்ம பொய்யாலதான் பூட்டுறாக. ஒருநாள் வெடிச்சா யாரு பதில் சொல்றது? இத்தோட நிறுத்திருவோம்." விதிப்படி வாக்கெடுப்பு நடந்தது. ஒரு மணி நேரம் முடிந்தபோது நிறுத்த வேண்டும் என்றவர்கள் இருபத்தொன்பது பேர்.

நான் வாக்களிக்கவில்லை. தொடங்கியவள் ஒரு பக்கம் சாய்ந்தால் மற்றவர்களும் சாய்வார்கள். அது தலைமை ஆகிவிடும். ஜாபர் சாதிக் குழுவை விட்டு விலகினார். போகும்போது, "இந்தப் படைக்கு ஓடத்தான் தெரியுது, நிக்கத் தெரியல" என்று எழுதினார். சாத்தியமா என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

மே மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை. காலையில் வேனில் பாண்டிலட்சுமி அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எம். புதுப்பட்டிப் பக்கம், மணிகண்டராஜ் உள்குத்தகைக்கு எடுத்திருந்த அறையில் வேலை என்றாள். அவசர ஆர்டர், பதினோரு பேர். "ராத்திரி சாப்பிட்டியா இல்லியா, முகமெல்லாம் வத்திக் கிடக்கு" என்று கேட்டு, தூக்குவாளியிலிருந்து இரண்டு பணியாரம் எடுத்துக் கையில் வைத்தாள். சாப்பிட்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் குழுவில், வண்டி வருகிறது என்று அன்றும் அனுப்பலாமா என்று வாக்கெடுப்பு. வெயில் அதிகம் என்று பலர் தயங்கினார்கள். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது இருபத்தெட்டில் நின்றது. என்னிடம் இன்னும் இரண்டு கணக்கு இருந்தது. ஒன்று ஆபீசில் சும்மா கிடந்த போனில். இன்னொன்று அம்மாவின் நம்பரில். இரண்டிலிருந்தும் சம்மதம் போட்டேன். நான் வாக்களிப்பதில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். இது அதற்கு முரண் என்று நினைக்காதீர்கள். என் பெயரில் நான் அன்றும் வாக்களிக்கவில்லை.

ஒன்று பத்துக்குச் செய்தி போனது. ஒன்று இருபதுக்கு மாரிக்கண்ணன் அந்த அறையைப் பூட்டிவிட்டு மெயின் ரோட்டுக்குப் போனார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அவர் அந்த அறையின் போர்மேன். சாவி அவர் பையில் இருந்தது, என்னிடம் இல்லை. ஒன்று ஐம்பதுக்கு எங்கள் ஆபீஸ் ஜன்னல் அதிர்ந்தது.

இடையில் முப்பது நிமிடம். மாரிக்கண்ணன் நம்பர் என் போனில் இருந்தது. "அண்ணாச்சி, வண்டி வரல, திறந்து விடுங்க." இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. கூச்சத்தால் சொல்லவில்லை என்று நீங்கள் இரக்கப்பட்டு எழுதிவிடக் கூடாது. எழுதி அனுப்ப எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. எழுதியும் வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அழித்தேன்.

அழித்ததற்குக் காரணம் இரண்டு. ஓர் அறையை நான் திறக்கச் சொன்னால், மற்ற அறைகளையெல்லாம் பூட்ட வைத்தவளும் நான்தான் என்று ஆகிவிடும். இது முதல் காரணம். இரண்டாவது, ஒன்றரை வருடமாகப் புகார் அனுப்பியும் பொய் அனுப்பியும் உள்குத்தகை நிற்கவில்லை. எங்கள் வட்டாரத்தில் எதுவும் நிற்பது விபத்து நடந்த மறுநாள்தான். யாரும் அந்த விபத்தைச் செய்ய வேண்டாம், யாரும் தடுக்காமல் இருந்தால் போதும். சாவார்கள் என்று எனக்குத் தெரியாது. சாகலாம் என்று தெரியும். ஒன்றரை மணிக்கு, செத்தால்தான் நல்லது என்று நினைத்தேன். பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். எலுமிச்சைச் சாதம்.

அன்று ஆறு பேர். பாண்டிலட்சுமி அக்கா மூன்றாம் நாள். அவளை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். முகம் முழுக்கக் கட்டு, வாய் மட்டும் தெரிந்தது. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தாள். "யாரு, ஆர்த்தியா? நல்லவேள பிள்ளே, நீ அங்கன இல்ல" என்றாள். தண்ணீர் கேட்டாள். கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் கொடுக்கவில்லை. விதி என்றால் நான் மீறுவதில்லை.

மறுவாரம் ஜீப்புகள் வந்தன. பத்தொன்பது அறைகளுக்குச் சீல் வைத்தார்கள். நான் போட்ட கணக்கு சரியாக வந்தது. நேற்று உங்கள் வண்டியில் வரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அவற்றில் பதினான்கு திறந்திருக்கின்றன. தீபாவளி சீசன் வந்துவிட்டது. எனக்கு மிகவும் களைப்பாக இருக்கிறது மேடம். குழுவில் இப்போதும் இருநூறு பேர் இருக்கிறார்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று தினமும் யாராவது கேட்கிறார்கள்.

நீங்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கும் தாளைப் படித்தேன். தேதி, நேரம், இறந்தவர்களின் பெயர், நான் பயன்படுத்திய நம்பர்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. எதையும் மறுக்கவில்லை. யோசனை என்னுடையது, கடைசி இரண்டு வாக்கும் என்னுடையவை, தெரிந்தே சும்மா இருந்ததும் நான்தான். ஒரு திருத்தம் மட்டும். என் பெயருக்குப் பக்கத்தில் "குழுவின் தலைவி" என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். எங்களுக்குத் தலைவர் கிடையாது.